மஞ்சள் கனெக்டர்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. டீ ஆறும்வரைகூடப் பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஜாதி. மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிக்கும் போர்வெல் ரிக்குக்கும் வயரிங், பேட்டரி வேலை. அன்பழகன் கையில் வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்று ஊரில் பேச்சு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒழுங்காக வேலை செய்யாதவனைப் பார்த்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்படிப்பட்டவன் கையில் ஒரு கை ரேடியோவைக் கொடுத்து, ஐந்து மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நில் என்றால் எப்படி இருக்கும்? நின்றேன். ஏனென்றால் மேலே இருந்தது என் மனைவி அனிதா.

அனிதா பேங்கில் ஆபீசர். நான்கு வருடம் முன்பு கூட வேலை செய்கிறவர்களோடு வேடிக்கை பார்க்கப் போனவள், கிளைடரில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள். அன்றோடு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு மேட்டுக்காட்டைச் சமன் செய்து, ஏர்ஃபோர்சில் இருந்து ஓய்வு பெற்ற சந்திரசேகர் சார் அதற்கு ஒரு கிளப் நடத்துகிறார். தங்கசாமி என்கிற ஆள் பழைய லாரி எஞ்சினோடு டிரம் ஒன்றைப் பொருத்தி, நீளக் கயிற்றைச் சுற்றி இழுப்பான். கிளைடர் ஆயிரம் அடி ஏறியதும் கயிறு கழன்றுவிடும். அதற்கப்புறம் பறக்கிறவர் பாடு. கோழிப்பண்ணைத் தகரக் கூரை, ஜவ்வரிசி ஆலையின் காயவைக்கும் களம் என்று எங்கே சூட்டுக்காற்று எழும்புகிறதோ அங்கே வட்டமடித்து மேலே ஏறிக்கொள்ள வேண்டும்.

இறங்காமல் ஐந்து மணி நேரம் பறந்தால் ஒரு பட்டயம் உண்டு. ஆனால் சாட்சி வேண்டும். லாகர் என்று சின்னப் பெட்டி ஒன்று, எங்கே பறந்தது, எவ்வளவு உயரம் என்று நொடிக்கு நொடி எழுதிக்கொண்டே இருக்கும். நடுவில் கரண்டு போய் அது நின்றால் பறந்தது பறக்காத கணக்குத்தான். போன வருடம் மாசியில் அனிதா நாலு மணி நேரம் பத்து நிமிடம் மேலே இருந்தபோது, ஒரு குலுக்கலில் பேட்டரி பிளக் எகிறிக் கழன்றுவிட்டது. காரில் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகுவோமே, அந்தப் பிளக். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போய்க் கிளைடரில் வைத்திருந்தான். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. எனக்கு அதைவிட அவமானம். எலக்ட்ரீசியன் பொண்டாட்டி பறக்கிற வண்டியில் பிளக் கழன்றது என்றால் நான் எதற்குக் கடை திறந்து வைத்திருக்கிறேன்?

இந்த வருடம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அனிதாவுக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே கடல் இருக்கிறது, கிளைடர் இல்லை. நான் பட்டறையை விட்டுப் போக முடியாது. ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

உத்தரவு வருகிறது என்று காதில் விழுந்த அன்றே கிளைடரின் பேட்டரி வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கேட்கிறவர்களுக்கு ஒரு பிளக் மாற்ற ஒரு மாதமா என்று தோன்றும். தோன்றட்டும். கிளைடரில் பேட்டரி நிரந்தரமாக உட்காராது. ஒவ்வொரு முறையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். லாரியில் போடுகிற பட்டைக் கிளிப் பத்து முறை கழற்றி மாட்டினால் வாய் அகன்றுவிடும். அதுவுமில்லாமல் அவசரத்தில் சிவப்பைக் கறுப்பில் மாட்டினால் ரேடியோ புகைந்துபோகும். கோயில் மைக் செட்காரர்கள் வைத்திருக்கும் மூன்று பின் உருண்டைக் கனெக்டர் நன்றாகத்தான் இருந்தது, பூட்டும் உண்டு. ஆனால் சேலத்தில் எனக்குக் கிடைத்ததில் என் வயர் தடிமன் உள்ளே நுழையவில்லை. வயரை ஒல்லியாக்கினால் நுழையும். ஒல்லி வயர் போடுகிறவனை நான் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன்.

கடைசியில் அயோத்தியாப்பட்டணத்தில் சித்தார்த் கடையில் கிடைத்தது. வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன்களை ரிப்பேர் செய்கிற பையன், பொறியியல் படித்தவன். அவன் கொடுத்த மஞ்சள் கனெக்டர் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் மூலை வெட்டியிருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது. பிடித்தால் பிடித்ததுதான், இரண்டு கையாலும் இழுத்தால்தான் வரும். அதில் ஊசி மாதிரிப் பின் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தை ஆண், அதாவது மேல் என்றும், ஓட்டை இருக்கிற பக்கத்தைப் பெண், அதாவது ஃபீமேல் என்றும் சொல்லுவோம். பேட்டரிப் பக்கம் எப்போதும் ஃபீமேல்தான் இருக்க வேண்டும். உயிருள்ள கரண்டு ஓட்டைக்குள் பதுங்கியிருந்தால் சாவி பட்டாலும் ஸ்பேனர் பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரி முனையிலிருந்து நாலு விரல் தூரத்தில் ஃப்யூஸ் வைத்தேன். ஈயம் பற்றவைத்த இடத்தில் வயர் மடங்கி ஒடியாமல் இருக்க ஸ்லீவ் போட்டு, சட்டத்தோடு கட்டினேன். அதோடு விடவில்லை. அதே மாதிரி ஒரு ஜோடியைப் பற்றவைத்து, ஒரு சின்ன பல்பைக் கொடுத்து, ஒடிசாவுக்கு ஓட்டை போடப் போகிற ரிக் வண்டியின் டேஷ்போர்டில் கட்டி அனுப்பினேன். இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தபோதும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்ததை மறைக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பூஜை போட்டோம். எங்கள் தொழிலில் புது வயரிங் போட்ட வண்டி பூஜை இல்லாமல் வெளியே போகாது. சந்திரசேகர் சார் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். மீட்டர் வைத்துப் பேட்டரி இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு, நானே சந்தனம் குழைத்தேன். மூக்கு, இறக்கை, தங்கசாமியின் டிரம், மேலே போகிற பேட்டரி, மாற்றுப் பேட்டரி, எதையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் என் கட்டைவிரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம். கிளைடருக்கு ஒரே சக்கரம் என்பதால் எலுமிச்சம்பழமும் ஒன்றே போதுமானதாக இருந்தது. பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் வைத்துச் செருகினேன். ரேடியோ கணீரென்று பேசியது. பதினொன்று பத்துக்கு தங்கசாமி இழுத்தான். அனிதா ஏறிப் போனாள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டேன். எவ்வளவு உயரம், தண்ணீர் குடித்தாயா, வெயில் கண்ணில் அடிக்கிறதா என்று கேட்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. அவளும் பதில் சொன்னாள். ஜேடர்பாளையம் அணை தெரிகிறது, காவிரியில் தண்ணீர் கொஞ்சம்தான் என்றாள். சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் கால் ஆடியது, எழுந்தால் நடந்தது. வேப்பமரத்துக்கும் கயிற்று டிரம்முக்கும் நடுவில் ஒரு தடம் போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் பேட்டரி மட்டும் காரணமில்லை. திங்கட்கிழமை முதல் அவளை இப்படித்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பது ஒரு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மாற்றல் என்றால் பிரமோஷனும் வரும், போ என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஒன்று இருபதுக்கு அவள் குரல் வந்தது.

"திருச்செங்கோட்டு மலப் பக்கம் நல்லா ஏறுதுங்க. இப்ப நாலாயி..."

அவ்வளவுதான். சொல் பாதியில் நின்றது. கூப்பிட்டேன். திரும்பக் கூப்பிட்டேன். இரைச்சல்கூட இல்லை.

கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கிளைடர் இல்லை. முதலில் தங்கசாமியைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்து வயரை உலுக்கிவிட்டாய் என்றேன். நாலு வருடமாக இதே இழுப்புத்தான் என்று அவன் சொன்னது காதில் ஏறவில்லை. அடுத்து சித்தார்த்துக்கு போன் போட்டு, டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய், உன் கடையை நாளைக்குப் பூட்டுகிறேன் என்று கத்தினேன். ஏனுங்ணா, அதுல நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா என்று அவன் நிதானமாகக் கேட்டான். நானா என்று கேட்டுவிட்டுப் போனை அணைத்தேன். நடுநடுவே ரேடியோவில் அனிதாவைக் கூப்பிட்டேன். பதில் சொல், பதில் சொல் என்று எத்தனை முறை சொன்னேனோ.

சந்திரசேகர் சார் கத்துகிற ஆள் இல்லை. அவர் ஷெட்டுக்குள் போய் இரண்டு நீள வெள்ளைத் துணிகளை எடுத்து வந்தார். எங்கள் மைதானத்தில் தரையில் வெள்ளைத் துணியைக் குறுக்காக விரித்தால் உடனே இறங்கு என்று அர்த்தம். நாற்பது நிமிடத்துக்கு மேல் பேச்சில்லாமல் ஒருவரைத் தனியாக மேலே விடக் கூடாது, சேலம் பக்கத்துப் பயிற்சி விமானங்கள் வந்தாலும் அவளுக்குச் சொல்ல முடியாது என்றார். இரண்டு மணி வரை பார்க்கலாம், அப்புறம் விரித்துவிடுவேன் என்றும் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் விரித்தால் அனிதா இறங்கிவிடுவாள். இறங்கினால் போன வருடம் மாதிரிதான். இந்த முறை அடுத்த வருடமும் கிடையாது.

ஒன்று நாற்பது இருக்கும். சும்மா நிற்க முடியாமல் மாற்றுப் பேட்டரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேலே இருப்பதன் ஜோடி அது. வயர், ஃப்யூஸ், கனெக்டர் எல்லாம் அச்சு அசல் ஒன்று. மீட்டர் வைத்தேன், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே காட்டியது. குறை இல்லை. மீட்டர் சும்மா எட்டிப் பார்க்கும், சுமை கொடுத்தால்தான் உண்மை தெரியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. பைக்குள் கிடந்த, பின் நீட்டிய மேல் கனெக்டரில் லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றைக் கட்டிச் செருகினேன். பல்பு மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி சிவந்து நின்றது. பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு.

கனெக்டரைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மஞ்சள் கனெக்டர். ஓட்டைகளுக்குள்ளும் மஞ்சள். பூஜைப் பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து ஒரு ஓட்டைக்குள் விட்டுச் சுரண்டினேன். காய்ந்த பொடி உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. வாசனை தானாக வந்தது.

சந்தனம். என் கட்டைவிரல். பேட்டரி இரண்டுக்கும் பொட்டு வைத்தவன் இரண்டு கனெக்டரின் முகத்திலும் ஒவ்வொரு பொட்டு வைத்து அழுத்தியிருக்கிறேன். பின் இருக்கிற பக்கமாக இருந்தால் விரலில் குத்தியிருக்கும், நிறம் வேறாக இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். கரண்டு பதுங்கட்டும் என்று பேட்டரிப் பக்கம் ஓட்டையை வைத்தவனும் நான்தான். காலையில் சந்தனம் ஈரமாக இருந்தது, எல்லாம் வேலை செய்தது. இரண்டு மணி நேர வெயிலில் காய்ந்து, பின்னைச் சுற்றி ஓடு கட்டிவிட்டது. ஒரு மாதம் நான் பார்த்த வேலையை ஒரு பொட்டு தின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குச்சியால் சுரண்டி ஊதிவிட்டால் யாருக்கும் தெரியாது. பழி சித்தார்த் தலையிலேயே நிற்கும். ஆனால் அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கேட்கும்போது ரேடியோ கரண்டைச் சப்பிக் குடிக்கும், பேசும்போது மடமடவென்று குடிக்கும். ஓடு கட்டிய கனெக்டர் கேட்பதற்குப் போதும், பேசுவதற்குத்தான் போதாது. அவள் பேச்சு பட்டனை அழுத்திய நேரத்தில்தான் சொல் அறுந்தது. ஒருவேளை நான் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பட்டனை விட்டுவிட்டால் அதே பேட்டரியை நம்பியிருக்கிற லாகரும் ஓடிக்கொண்டிருக்கலாம். நான் பதில் சொல் பதில் சொல் என்று கெஞ்சி, அவள் மறுபடி அழுத்தினால்தான் எல்லாம் போகும்.

ஓடிப்போய் சாரிடம் உள்ளங்கையை நீட்டினேன். தங்கசாமியும் வந்து பார்த்தான்.

"சார், கனெக்டருக்குள்ள சந்தனமுங்க. வச்சது நாந்தானுங்க. சித்தார்த்து மேலயோ தங்கசாமி மேலயோ ஒண்ணுமில்லைங்க. அவளுக்குக் கேக்கும்னு நெனைக்கறனுங்க, பேசத்தான் முடியாது. துணிய விரிக்காதீங்க, ஒரே ஒருக்கா கேட்டுப் பாத்தர்றேன்."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்தைந்து. தலையசைத்தார். கோழிப்பண்ணைகளுக்கு மேலே ஒரு புள்ளியாக அவள் திரும்பி வந்திருந்தாள். சார் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் ரேடியோவை வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

"அனிதா, பட்டன அமுக்காத. பதில் சொல்ல வேண்டாம், கேட்டாப் போதும். கனெக்டருக்குள்ள சந்தனம் போயிருக்குது. பூச போட்டப்ப நாந்தான் வச்சுட்டேன். தப்பு என்னுது, புள்ள. நீ பேசுனா லாகரு நின்னு போயிரும். கேக்குதுன்னா றெக்கைய மட்டும் ரெண்டு ஆட்டு ஆட்டு."

ஒன்றும் நடக்கவில்லை. தங்கசாமி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்புறம் சார், இடது என்றார். கொஞ்சம் விட்டு, வலது என்றார். வெயில் இறக்கையில் பட்டு இரண்டு தரம் மின்னியதை நான் வெறுங்கண்ணாலேயே பார்த்தேன். சார் துணிகளைச் சுருட்டி நாற்காலிமேல் போட்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டே கால் மணி நேரம். என் வாழ்க்கையிலேயே பெரிய தண்டனை அதுதான். கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிடுவாள். அரை மணிக்கு ஒரு தரம் மணியை மட்டும் சொன்னேன். மணி இரண்டரை. மணி மூன்று. தண்ணீர் குடித்தாயா என்று நாக்கு நுனிவரை வரும், தண்ணீர் குடி என்று மாற்றிச் சொல்வேன். ஒரு பதிலும் இல்லாமல் ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் புதிது. மூன்றரைக்குக் காற்று தளர்ந்து அவள் தணிந்து தணிந்து வந்தபோது, ஜவ்வரிசிக் களத்துக்கு மேலே ஒரு பருந்து சுற்றுவதைப் பார்த்துச் சொன்னேன். அங்கே போனாள், ஏறினாள். நடுவில் சித்தார்த்துக்கு ஒரு போன் போட்டு, சரக்கு நல்ல சரக்குத்தான் என்றேன். தெரியும்ணா என்றான்.

நாலு பத்துக்கு, "அஞ்சு ஆச்சு, அனிதா. எறங்கி வா" என்றேன். அவள் மேலும் பத்து நிமிடம் பாதுகாப்புக்குச் சுற்றிவிட்டு, நாலு இருபத்தொன்றுக்கு மேட்டுக்காட்டில் சக்கரம் தொட்டாள்.

ஓடினோம். மூடியைத் திறந்தபோது முகம் சிவந்து உதடு வெடித்திருந்தது. சார் லாப்டாப்பை லாகரில் மாட்டினார். திரையில் கோடு வந்தது. மைதானத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி, மைதானத்தில் முடிகிற ஒரே கோடு. எங்கேயும் அறுபடவில்லை. ஐந்து மணி நேரம் பதினோரு நிமிடம் என்று சார் சத்தமாகப் படித்து, இரண்டு இடத்தில் சேமித்துக்கொண்டார். தங்கசாமி அவளைப் பார்த்துக் கும்பிட்டான், எதற்கென்று அவனுக்கே தெரியாது.

நான் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுக் கனெக்டரைக் கழற்றப் போனேன்.

"இருங்க" என்றாள் அனிதா. பேச்சு பட்டனை அழுத்தினாள். என் இடுப்பிலிருந்த ரேடியோவில் "ஏனுங்" என்று பாதி வந்து நின்றது. லாகர் திரை இருண்டது.

"ஒண்ணு இருவதுக்கும் இப்புடித்தானுங்க ஆச்சு. அப்ப மங்குனதோட சரி, நான் வெரல எடுத்துட்டேன். அப்பறம் தொடவே இல்ல. நீங்க பட்டன அமுக்கிப் புடிச்சுக்கிட்டே சித்தார்த்தையும் தங்கசாமி அண்ணனையும் திட்டுனதெல்லாங் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

தங்கசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சார் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷெட்டைப் பார்த்து நடந்தார்.

"ஒரே ஒருக்காதான் வெரல் பட்டனுக்குப் போயிருச்சு" என்றாள், குரலைத் தணித்து. "தப்பு என்னுதுன்னு சொன்னீங்கல்ல, அப்ப. அஞ்சு மணி நேரம் போனாப் போவுதுன்னு இருந்துச்சுங்க."

பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னதில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"அமுக்கியிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றேன்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா, ஏனுங்கன்னுதான்."

பாதிதான் கேட்டிருக்கும் என்று சொல்ல வந்தேன். பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியை உருவி, அந்த மஞ்சள் கனெக்டரைக் கழற்றி மடியில் வைத்துக் குனிந்து, உள்ளே இருந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவசரமே படவில்லை. குனிந்திருக்கிற வரைக்கும் என் முகம் அவளுக்குத் தெரியாது.